வீட்டு டிஎன்ஏ கிட்டுகள்: சொந்தத்தில் கட்டிய தமிழ்க் குடும்பங்களுக்கு எது உதவும், எது உதவாது?

எச்சிலை எடுத்துத் தபாலில் அனுப்பினால் பூர்வீகத்தையும் தூரத்து உறவுகளையும் சொல்லும் இந்தக் கிட்டுகளில் எதை வாங்கலாம்? முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். வேர் தேடும் தமிழர் ஒரே ஒரு கிட்தான் வாங்க முடியும் என்றால் ஆன்செஸ்ட்ரிடிஎன்ஏ வாங்கலாம். அது உங்கள் நாட்டு முகவரிக்கு வராது என்றால் மைஹெரிடேஜ். கேள்வி குலம், கூட்டம், பங்காளி வழி பற்றியது என்றால் இரண்டும் வேண்டாம். ஃபேமிலிட்ரீடிஎன்ஏ விற்கும் ஒய் குரோமோசோம் சோதனைதான் அதற்குப் பதில் தரும். 23அண்ட்மீயைப் புதிதாக வாங்க இப்போது வலுவான காரணம் இல்லை. ஜிஇடிமேட்ச் என்ற தளம் கிட் விற்பதில்லை. ஆனால் வேறு எங்கே சோதித்திருந்தாலும் அந்தக் கோப்பை அங்கே ஏற்றலாம், நம் குடும்பங்களுக்கு மிகவும் தேவைப்படும் ஒரு கருவி அங்கே இருக்கிறது.

எதை வாங்கினாலும், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும், பூர்வீகம் எந்தப் பகுதி என்று காட்டும் அந்தச் சதவீத வரைபடத்துக்காக மட்டும் வாங்காதீர்கள்.

திருநெல்வேலிப் பக்கம் தலைமுறைகளாக இருக்கும் குடும்பத்துக்கு அந்த வரைபடம் பெரும்பாலும் ‘தென்னிந்தியா’ என்று ஒரு பெரிய எண்ணைக் காட்டும். ஓரத்தில் இலங்கையோ வேறு ஏதாவது ஒரு பகுதியோ சிறு எண்ணாக ஒட்டிக்கொண்டிருக்கும். கம்பெனி தன்னிடம் இருக்கும் மாதிரிக் குழுக்களோடு உங்கள் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக ஒப்பிட்டு, ஒவ்வொரு துண்டும் எந்தக் குழுவுக்கு அதிகம் ஒத்துப்போகிறது என்று மதிப்பிடுகிறது. அந்த மாதிரிக் குழுக்களைத் திருத்தினால் அதே எச்சிலுக்கு வேறு எண் வரும். அண்ணனுக்கும் தங்கைக்கும் வேறு வேறு எண் வருவதும் பிழையில்லை; பெற்றோரிடமிருந்து இருவருக்கும் ஒரே பாதி வருவதில்லை. இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்: சாதியைச் சொல்லும் குறியீடு எதுவும் டிஎன்ஏவில் கிடையாது. அப்படிச் சொல்லி விற்கும் எந்த அறிக்கையையும் நம்ப வேண்டாம்.

காசு கொடுப்பது உறவுப் பட்டியலுக்காக. மனித மரபணுத் தொகுதியில் உள்ள சுமார் 300 கோடி எழுத்துகளில் 6 முதல் 7 லட்சம் இடங்களை மட்டும் இந்தச் சோதனைகள் படிக்கின்றன. அதே கம்பெனியில் சோதித்த மற்றவர்களோடு ஒப்பிட்டு, உங்களுக்கும் அவருக்கும் எத்தனை துண்டுகள், மொத்தம் எவ்வளவு நீளம் ஒன்றாக இருக்கிறது என்று பட்டியல் போடுகின்றன. அந்த நீளத்தின் அளவு சென்டிமோர்கன். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சுமார் 3,400 முதல் 3,500 வரும். உடன்பிறந்தவர்களுக்கு 2,600 அளவில். தாத்தா பாட்டி, தாய்மாமா, அத்தை, சித்தப்பா, சித்தி, தாயோ தகப்பனோ மட்டும் பொதுவான உடன்பிறப்பு ஆகிய எல்லாருக்கும் 1,750 அளவில். தாத்தா பாட்டி பொதுவாக உள்ளவர்களை, அதாவது மாமா, அத்தை, சித்தப்பா, பெரியம்மா பிள்ளைகளை, முதல் நிலை என்று வைத்துக்கொண்டால் அவர்களுக்குச் சராசரி 866. பூட்டன் பூட்டி பொதுவான இரண்டாம் நிலைக்கு 229. அதற்கும் ஒரு தலைமுறை மேலே, ஓட்டன் ஓட்டி பொதுவான மூன்றாம் நிலைக்கு 73. இவை மரபணு வழி வம்சாவளி ஆய்வாளர் பிளெய்ன் பெட்டிங்கர் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களிடம் திரட்டிய பட்டியலின் 2020 பதிப்பில் உள்ள சராசரிகள். டிஎன்ஏ பெயின்டர் என்ற இலவசத் தளத்தில் எண்ணை இட்டால் என்னென்ன உறவாக இருக்கலாம் என்று நிகழ்தகவோடு காட்டும். இரண்டாம் நிலை வரை உள்ள உறவு தப்பாமல் பட்டியலில் வந்துவிடும். மூன்றாம் நிலையில் பத்தில் ஒருவர் வரமாட்டார். நான்காம் நிலையில் ஏறக்குறைய பாதிப் பேர் வரமாட்டார்கள். உறவு உண்மையாகவே இருக்கும், பொதுத் துண்டுதான் மிஞ்சியிருக்காது.

அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள்

மேலே சொன்ன எண்கள் எல்லாம் கணவன் வீடும் மனைவி வீடும் ரத்த உறவில்லாத குடும்பங்களுக்கானவை. தமிழ்நாட்டில் தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்குப்படி நாலில் ஒரு பங்குக்கு மேல் சொந்தத்தில் நடக்கும் திருமணங்கள். அதனால் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டால் தவறான, சில சமயம் குடும்பத்தைக் கலைக்கக்கூடிய முடிவுக்கு வந்துவிடுவோம்.

பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டு அண்ணனும் தங்கையும் இன்னொரு வீட்டுத் தங்கையையும் அண்ணனையும் கட்டியிருக்கிறார்கள். இரு தம்பதிகளின் பிள்ளைகளும் அப்பா வழியிலும் அம்மா வழியிலும் ஒரே சமயத்தில் முதல் நிலை உறவு. அவர்களுக்குள் 1,750 அளவில் வரும். பட்டியலோ “ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான உடன்பிறப்பு” என்று முதல் வரியில் சொல்லும். வீட்டில் பெண் மாற்றிக் கட்டியது தெரியாமல் இதைப் படிக்கும் பேரப்பிள்ளை, தாத்தாவைப் பற்றித் தப்பாக நினைக்க இந்த ஒரு வரி போதும்.

தாய்மாமன் அக்காள் மகளைக் கட்டிய வீட்டில் இன்னும் நுட்பமாகப் பார்க்க வேண்டும். அந்தத் தம்பதியின் மகனுக்கும், அப்பாவின் இன்னொரு சகோதரியின் மகனுக்கும் என்ன உறவு? அப்பா வழியில் முதல் நிலை: 866. அம்மா வழியில் பார்த்தால், அந்த அத்தை மகன் இவனுடைய அம்மாவுக்கே முதல் நிலை. ஆகவே இவனுக்கு ஒரு தலைமுறை தள்ளிய முதல் நிலை: 433. இரண்டும் சேர்ந்து 1,300 அளவில் நிற்கும். இரு வழித் துண்டுகளும் ஒரே இடத்தில் விழுந்தால் காட்டும் எண் சற்றுக் குறையலாம். முதல் நிலைக்குப் பதிவான உச்சம் 1,397. ஆகவே 1,300 என்ற எண்ணைக் கொடுத்தால் டிஎன்ஏ பெயின்டர் சாதாரண அத்தை மகன் என்பதைப் பின்னுக்குத் தள்ளிவிடும். எண் சரியானது, வீட்டு வரலாறு தெரியாமல் அதைப் படித்தால்தான் வினை. ஆகையால் கிட் ஆர்டர் செய்வதற்கு முன்பே ஒரு தாளில் நாலு தலைமுறைக்கு யார் யாரைக் கட்டினார்கள், முறைப்பெண்ணா, அசலா, இரண்டாம் தாரமா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் இல்லாமல் உறவுப் பட்டியலைத் திறப்பதில் பயனில்லை.

நான் ஜிஇடிமேட்சைப் பரிந்துரைப்பது இதற்காகத்தான். ஒருவருடைய பெற்றோர் தமக்குள் உறவா என்று சோதிக்கும் இலவசக் கருவி அங்கே இருக்கிறது. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் ஒரே துண்டு வந்திருக்கும் இடங்களை அது கூட்டிச் சொல்லும். மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் பிறந்தவருக்கு இது சராசரியாக 6 சதவீதம் சொச்சம். தாய்மாமன் திருமணத்தில் பிறந்தவருக்கு 12.5 சதவீதம். இந்த எண் தெரிந்தால் உங்கள் பட்டியலில் வரும் எல்லாரையும் எவ்வளவு தள்ளுபடி செய்து படிக்க வேண்டும் என்று ஒரு கணிப்பு கிடைக்கும்.

நேரடிச் சொந்தத்தில் கட்டாத வீட்டிலும் சிக்கல் விடாது. ஒரே சமூகத்துக்குள் நூற்றாண்டுகளாக மணந்து வந்ததால், பழைய துண்டுகள் எல்லாரிடமும் சிதறிக் கிடக்கின்றன. 2017இல் ‘நேச்சர் ஜெனிடிக்ஸ்’ இதழில் வந்த ஆய்வு தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்தது. ஒரு சில முன்னோரிலிருந்தே ஒரு சமூகம் பெருகுவதால் வரும் இந்த ஒற்றுமைக்கு நிறுவனர் விளைவு என்று பெயர். அவற்றில் 81 குழுக்களில் அது பின்லாந்துக்காரர்களையும் ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களையும் விட வலுவாக இருந்தது. அஷ்கெனாசிக் குடும்பங்கள் பட்டியலில் ஆயிரக்கணக்கில் பொய்யான ‘மூன்றாம் நிலை’ உறவுகளோடு திண்டாடுவது மரபணு வழி தேடுவோர் எல்லாருக்கும் தெரியும். நம்மவர்கள் இந்தத் தளங்களில் குறைவாக இருப்பதால் அந்தத் திண்டாட்டம் இன்னும் முழுதாக நம் கண்ணில் படவில்லை.

சமாளிக்கும் வழி இதுதான்: மொத்த எண்ணைப் பார்க்காமல் மிக நீளமான துண்டைப் பாருங்கள். பட்டியலில் இருவர், இருவருக்கும் 60 சென்டிமோர்கன் என்று இருக்கட்டும். ஒருவரிடம் 45இல் ஒரு துண்டு, 15இல் ஒன்று. மற்றவரிடம் பத்துப் பத்தாக ஆறு துண்டு. முதலாமவருக்கு இன்றே செய்தி அனுப்புங்கள். நூற்றைம்பது ஆண்டுக்குள் ஒரு பொது முன்னோர் கிடைக்க வாய்ப்புண்டு. இரண்டாமவர் ஒரே சமூகத்து மனிதர் என்பதற்கு மேல் அந்த எண்ணில் ஒன்றும் இல்லை. ஆன்செஸ்ட்ரி, மைஹெரிடேஜ், ஃபேமிலிட்ரீடிஎன்ஏ மூன்றுமே மிக நீளமான துண்டின் அளவைக் காட்டுகின்றன. நம் குடும்பங்களைப் பொறுத்தவரை மிக நீளமான துண்டு 20க்குக் கீழே உள்ள யாரையும் துரத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது என் கருத்து.

கிட்டுகள் ஒவ்வொன்றாக

ஆன்செஸ்ட்ரிடிஎன்ஏ 2012 முதல் விற்பனையில் இருக்கிறது. இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருக்கிறார்கள். உறவுப் பட்டியல் என்பது ஆள்பலம் சார்ந்தது; அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவுக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் அகப்பட அதிக வாய்ப்புள்ள இடம் இதுவே. பட்டியல் விலை 99 டாலர் அளவில். ஏப்ரல் 25 டிஎன்ஏ தினம், அன்னையர் தினம், நவம்பர் கடைசித் தள்ளுபடிகளில் கணிசமாக இறங்கும். அதுவரை பொறுப்பது நல்லது. பெரிய குறை, எந்தக் குரோமோசோமில் எந்த இடத்தில் துண்டு ஒத்துப்போகிறது என்று காட்டும் வசதி இதில் இல்லை. சொந்தத்தில் கட்டிய குடும்பங்களுக்கு இது சின்னக் குறை இல்லை. மற்றவர் போட்டுவைத்த குடும்ப மரங்களை முழுதாகப் பார்க்கச் சந்தாவும் கேட்கும். வேறு கம்பெனிக் கோப்பை இங்கே ஏற்ற முடியாது. இங்கிருந்து இறக்கி வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

மைஹெரிடேஜ் இஸ்ரேல் கம்பெனி. டிஎன்ஏ விற்பனை 2016இல் தொடங்கியது. ஆள்பலம் ஆன்செஸ்ட்ரியில் பாதிகூட இல்லை, ஆனால் ஐரோப்பாவில் வலுவானது. குரோமோசோம் இடங்களைக் காட்டும். ஒன்றோடொன்று ஒத்துப்போகும் உறவுகளைக் கட்டம் கட்டித் தொகுத்தும் தரும். இந்தத் தொகுப்புக் கருவி நம் குடும்பங்களுக்கு அரைகுறையாகவே வேலை செய்யும்; எல்லாருக்கும் எல்லாரும் உறவு என்பதால் கட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். சில கருவிகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

ஃபேமிலிட்ரீடிஎன்ஏ ஹூஸ்டனில் 2000 முதல் இயங்குகிறது. எல்லா முன்னோர் வழியையும் சேர்த்துப் பார்க்கும் பொதுச் சோதனையில் ஆள் குறைவு. அதன் பலம் ஒய் குரோமோசோம், தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஆகிய இரண்டிலும் ஆழமான சோதனை விற்பது. இன்னொரு பலம், மாதிரியைச் சேமித்துவைப்பது. எண்பத்தைந்து வயதுப் பெரியவரிடம் இன்று மலிவான ஒரு சோதனைக்குக் கன்னத்தில் தேய்த்து அனுப்பிவிட்டால், அவர் காலத்துக்குப் பிறகும், அந்த மாதிரி மீதமிருக்கும் வரை, அடுத்த சோதனையை அதிலேயே ஆர்டர் செய்யலாம். வயதானவர் இருக்கும் வீட்டில் இதற்காகவே ஒரு கிட் வாங்கலாம்.

23அண்ட்மீ 2007இலேயே வீட்டுக் கிட்டைக் கொண்டுவந்தது. தென்னிந்திய, இலங்கைப் பிரிவுகளை நன்றாகப் பிரித்தது. தாய்வழி, தந்தைவழித் தொகுதிகளையும் (பழைய வம்சக் கிளைகளையும்) அதே விலையில் சொன்னது. 2023இல் வேறு தளங்களில் கசிந்த கடவுச்சொற்களை வைத்து சுமார் 14,000 கணக்குகளுக்குள் நுழைந்தவர்கள், உறவினர் பட்டியல் வழியாக 69 லட்சம் பேருடைய விவரங்களை எடுத்துவிட்டார்கள். 2025 மார்ச்சில் கம்பெனி திவால் மனு போட்டது. ஜூலையில் நிறுவனர் ஆன் வொஜ்சிக்கி அமைத்த லாப நோக்கமற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. அங்கே ஏற்கெனவே சோதித்தவர்கள் மூலக் கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பை இறக்கி வைப்பது எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும். நேஷனல் ஜியாகிரஃபிக் 2005இல் தொடங்கிய ஜீனோகிராஃபிக் திட்டம் 2019இல் கிட் விற்பனையை நிறுத்தி, 2020இல் முடிவுகளைக் காட்டும் பக்கத்தையும் மூடியது. இறக்கி வைக்காதவர்களுக்குப் பிறகு பார்க்க வழியில்லை. மூலக் கோப்பு சுருக்கப்பட்ட ஒரு எழுத்துக் கோப்பு. இடத்தின் அடையாள எண், குரோமோசோம் எண், இடம், இரண்டு எழுத்துகள் என்று லட்சக்கணக்கான வரிகள் இருக்கும். அதைத் திறந்து எக்செல்லில் சேமித்தால் அமைப்பு கெட்டுப்போய் எந்தத் தளமும் ஏற்காது. இறக்கியபடியே பென்டிரைவில் போட்டுவையுங்கள்.

எச்சில் எடுப்பதில் கெடுவது எங்கே

ஆன்செஸ்ட்ரியும் 23அண்ட்மீயும் உமிழ்நீர் கேட்கின்றன. மைஹெரிடேஜும் ஃபேமிலிட்ரீடிஎன்ஏவும் கன்னத்தின் உட்புறத்தில் குச்சியால் தேய்க்கச் சொல்கின்றன. எண்பதைத் தாண்டியவர்களுக்கு, ரத்த அழுத்த மாத்திரையால் வாய் வறண்டவர்களுக்கு, குச்சிதான் சுலபம்.

இரண்டுக்கும் முன்பு குறைந்தது அரை மணி நேரம் தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது. வெற்றிலை பாக்கு போடும் பாட்டிக்கு அரை மணி போதாது. காலையில் எழுந்து வாயை நன்றாகத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, காப்பிக்கு முன், அரை மணி கழித்து எடுப்பதே பாதுகாப்பு. குப்பியில் வளைகோடு வரை உமிழ்நீர் வர வேண்டும். நுரையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நுரை அடங்கும் வரை குப்பியை நேராக நிறுத்திவைத்துப் பார்த்தால் பாதிதான் நிரம்பியிருக்கிறது என்று தெரியும். மாதிரி திரும்பி வருவதற்கு இந்த நுரை ஒரு பெரிய காரணம். நிரம்பியதும் மூடியை இறுக்கித் திருக வேண்டும். அப்போதுதான் மூடிக்குள் இருக்கும் நீலத் திரவம் கீழே இறங்கும். அது டிஎன்ஏ கெடாமல் காக்கும் திரவம். மூடியைப் பாதியில் விட்டால் இறங்காது. இறங்கியபின் ஐந்து விநாடியாவது குலுக்க வேண்டும். எச்சில் ஊறவில்லை என்றால் கன்னத்தை வெளியிலிருந்து நீவிவிடுங்கள், எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். வாயில் வைக்க வேண்டாம்.

குச்சி என்றால் ஒரு கன்னத்துக்கு ஒரு குச்சி, குறைந்தது அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம், குச்சியைச் சுழற்றிச் சுழற்றித் தேய்க்க வேண்டும். பெரியவர் கூச்சப்பட்டு மேலோட்டமாகத் தடவினால் செல் போதாமல் மாதிரி தோற்றுப்போகும். நுனியைக் கையால் தொடாமல், குச்சியில் உள்ள வெட்டில் ஒடித்துக் குப்பிக்குள் விட்டு மூட வேண்டும்.

தபாலில் போடுவதற்கு முன் குப்பியில் உள்ள எண்ணைத் தளத்தில் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யாத குப்பி ஆய்வகத்தில் யாருடையது என்று தெரியாமல் கிடக்கும். ஒரே நாளில் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் எடுத்தால் இரண்டு குப்பியும் மாறிப்போவது சர்வ சாதாரணம். ஒருவருடையதை உறையில் போட்டு ஒட்டிய பிறகே அடுத்தவருடையதைத் திறக்க வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தவர் சோதிக்கக் கூடாது. மஜ்ஜை தந்தவருடைய டிஎன்ஏ கலந்து வரும். ஆய்வகத்தில் சேர்ந்த பிறகு முடிவுக்கு சுமார் மூன்றிலிருந்து எட்டு வாரம் ஆகும்.

பங்காளி வழி

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது. ஆகவே பங்காளிகள் அத்தனை பேருக்கும் ஒரே ஒய். மாமன் மச்சானுக்கு வேறு. கொங்கு வேளாளர் கூட்டங்கள், நகரத்தார் ஒன்பது கோயில் பிரிவுகள் எல்லாம் ஆண்வழியே வருபவை, பெரும்பாலும் தமக்குள் மணம் கொள்ளாதவை. ஆகவே ‘ஒரே கூட்டம், ஒரே மூதாதை’ என்ற குடும்பக் கூற்றை ஒய் சோதனை நேரடியாகச் சரிபார்க்கும். பெயருக்கு முன் இனிஷியல் மட்டும் போடும் நம்மிடம் மேற்கத்தியக் குடும்பப்பெயர்த் திட்டங்கள் செல்லுபடியாகாது. குலதெய்வமும் கூட்டப் பெயரும் அந்த வேலையைச் செய்யும்.

செய்முறை: ஒரே கூட்டம், வேறு வேறு ஊர், நெருங்கிய உறவு என்று தெரியாத இரண்டு ஆண்கள், ஒய் குரோமோசோமில் 37 இடங்களை ஒப்பிடும் 37 குறியீட்டு ஒய் சோதனை செய்ய வேண்டும். ஒருவர் எச் தொகுதி, மற்றவர் எல் தொகுதி என்று வந்தால் அவர்களுக்குப் பல்லாயிரம் ஆண்டுக்குள் ஆண்வழிப் பொது மூதாதை இல்லை. தத்து, வீட்டோடு மாப்பிள்ளை, கூட்டத்தில் பின்னால் சேர்ந்த குடும்பம் என்று கௌரவமான காரணங்கள் பல இருக்கலாம். 37க்கு 37 ஒத்துப்போனால் மட்டும் ஒய்யை இன்னும் ஆழமாகப் படிக்கும், 400 டாலரைத் தாண்டும் பிக் ஒய் சோதனைக்குப் போங்கள். அதில் சராசரியாக 80 ஆண்டு சொச்சத்துக்கு ஒரு மாற்றம் பதிவாவதால் கிளை பிரிந்த காலத்தை ஓரளவு சொல்ல முடியும். பெண்கள் தம் தந்தை வழியை அறிய அண்ணன் தம்பியையோ, அப்பாவையோ, சித்தப்பா மகனையோ சோதிக்கச் சொல்ல வேண்டும்.

தாய்வழிக்கு மைட்டோகாண்ட்ரியா. கொண்டையங்கோட்டை மறவர் கிளை தாய்வழியே வருவது. நாஞ்சில்நாட்டு வெள்ளாளரிடம் மருமக்கள்வழி இருந்தது. அவர்களுக்கு இந்தச் சோதனையில் பொருள் உண்டு. மற்றவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாற்றம் மிக மெதுவாக நடப்பதால் அச்சு அசலாக ஒத்துப்போகும் இருவருக்கும் பொதுப் பாட்டி ஆயிரம் ஆண்டுக்கு முன்கூட இருந்திருக்கலாம்.

உசிலம்பட்டி அருகே ஜோதிமாணிக்கத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழு கண்ட, ஒய் குரோமோசோமில் உள்ள எம்130 குறியீடு தமிழ்நாட்டில் பெரும் செய்தியானது. அது பல்லாயிரம் ஆண்டுக்கு முந்தைய மனித இடப்பெயர்வைச் சொல்லும் அடையாளம், அருமையான அறிவியல். உங்கள் தாத்தாவின் தாத்தா எந்த ஊர் என்பதற்கு அதில் விடை இல்லை.

கப்பலேறிய குடும்பங்கள்

இந்தக் கிட்டுகளுக்கு மிக நல்ல பயன் இருப்பது தென்னாப்பிரிக்காவின் நேட்டால், மொரீஷியஸ், ஃபிஜி போன்ற இடங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழித்தோன்றல்களுக்கு. சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர், அவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியே. கப்பல் பட்டியலில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. மொரீஷியஸ் ஆவணங்கள் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. முதலில் இந்தப் பதிவைத் தேடுங்கள், டிஎன்ஏ பிறகு. ஊர்ப் பெயரை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். உரக்கப் படித்துப் பார்த்து, அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் பிடிபடும். வட ஆர்க்காடு ஜில்லா என்றால் இன்றைய வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களோடு ஆந்திராவின் சித்தூர்ப் பகுதியையும் பார்க்க வேண்டும்.

யாரைச் சோதிப்பது என்பதில்தான் வெற்றி தோல்வி. 1840 வாக்கில் பிறந்து கப்பலேறியவருக்கு ஊரில் ஒரு தம்பி இருந்தார் என்று வையுங்கள். இருவரின் பிள்ளைகள் முதல் நிலை. பேரர்கள் இரண்டாம் நிலை. 1920 வாக்கில் பிறந்தவர்கள் மூன்றாம் நிலை. 1950 வாக்கில் பிறந்தவர்கள் நான்காம் நிலை. 1980களில் பிறந்த நீங்கள் ஐந்தாம் நிலை. உங்களுக்கும் ஊர்க்காரருக்கும் பொதுத் துண்டு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. உங்கள் வீட்டில் உயிரோடு இருக்கும் மிக மூத்தவரைச் சோதித்தால் அந்த வாய்ப்பு பல மடங்கு கூடும். அவருடைய உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் சோதிக்க வேண்டும், ஒருவருக்கு வராத துண்டு மற்றவருக்கு வந்திருக்கும். ஊர்ப் பக்கமும் மூத்தவர் ஒருவர் சம்மதித்துச் சோதிக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமத்துக்காரர் தானாக அந்தத் தளத்தில் வந்து உட்கார்ந்திருப்பார் என்று காத்திருக்காதீர்கள். ஒத்துப்போனாலும் 20க்கு மேல் ஒரு துண்டு இருக்கிறதா, கப்பல் பட்டியல் பெயரும் ஊரும் பொருந்துகிறதா என்று இரண்டையும் பாருங்கள். ஒன்று மட்டும் பொருந்தினால் உறவு உறுதியில்லை.

ரீயூனியன், குவாதலூப், மார்டினீக் தீவுகளுக்குப் போனவர்களின் வழித்தோன்றல்கள் பட்டியலில் அரிதாகவே தென்படுவதற்குச் சட்டமும் ஒரு காரணம். அவை பிரான்சுக்கு உட்பட்டவை. வீட்டு டிஎன்ஏ கிட் வாங்கிச் சோதிப்பதற்கு அங்கே 3,750 யூரோ வரை அபராதம் உண்டு.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் குழந்தையாக ஐரோப்பாவுக்குத் தத்துப் போனவர்களும் இந்தக் கிட்டுகளை நம்பியிருக்கிறார்கள். இலங்கை உட்படப் பல நாட்டுத் தத்துகளில் முறைகேடு இருந்ததாக விசாரணைக் குழு அறிக்கை தந்ததும் 2021இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்திவைத்தது. பத்திரத்தில் தாய் என்று இருக்கும் பெண்மணியைக் கண்டுபிடித்துவிட்டால், உறவு கொண்டாடுவதற்கு முன் இருவரும் ஒரே கம்பெனியில் சோதித்துவிடுவது இருவருக்கும் நல்லது. தாய் என்றால் 3,400 அளவிலோ அதற்கு மேலோ வரும், சந்தேகமே இருக்காது. 1,750 அளவில் நின்றால் பெரியம்மாவாகவோ பாட்டியாகவோ இருக்கலாம்.

சம்மதம், கடவுச்சொல், அழிப்பு

உங்கள் எச்சிலில் உங்கள் அண்ணன் தங்கையின் விவரமும் பாதி இருக்கிறது. கிட் வாங்குவதற்கு முன் வீட்டில் சொல்லுங்கள்; பெரியவரிடம் தமிழில் விளக்கிச் சம்மதம் கேளுங்கள், எதிர்பாராத தகப்பனோ உடன்பிறப்போ தெரியவரலாம் என்பதையும் மறைக்காமல். அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

மைஹெரிடேஜில் 9.2 கோடிப் பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் மறைகுறியாக்கிய கடவுச்சொற்களும் கசிந்தது 2018இல் தெரியவந்தது. ஆகவே வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல், இரண்டு கட்ட உள்நுழைவு இரண்டும் கட்டாயம். காட்டும் பெயரில் இனிஷியலும் பிறந்த ஆண்டும் போதும். ஜிஇடிமேட்சில் பதிந்திருந்த உறவுகள் வழியாகத்தான் 2018 ஏப்ரலில் கலிபோர்னியத் தொடர் கொலையாளி பிடிபட்டான். காவல்துறைத் தேடலில் உங்கள் கோப்பு சேரலாமா என்று ஏற்றும்போதே அங்கே கேட்கும். வீட்டாரிடம் கேட்காமல் ஆம் என்று அழுத்தாதீர்கள்.

வேலை முடிந்து விலக நினைத்தால் கணக்கை அழிப்பது மட்டும் பல கம்பெனிகளில் போதாது. ஆய்வகத்தில் இருக்கும் மாதிரியை அழிக்கச் சொல்வது தனி, ஆராய்ச்சிக்குக் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது தனி. மூலக் கோப்பை இறக்கிக்கொண்ட பிறகு, முதலில் ஆராய்ச்சிச் சம்மதம், அடுத்து மாதிரி, கடைசியாகக் கணக்கு என்ற வரிசையில் செய்யுங்கள். கணக்கை முதலில் அழித்துவிட்டால் மற்ற இரண்டையும் கேட்க உள்ளே நுழைய முடியாது.